சாலையைக் கடக்கும் முன்: ஹார்டாங்கர்விடா ஸ்கீ பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நார்வேயின் ஹார்டாங்கர்விடா பீடபூமியை ஆறு நாளில் ஸ்கீயில் (பனிச்சறுக்குப் பலகையில்) கடக்கப் புறப்பட்ட ஒரு குழு, இரண்டாம் நாள் காலையிலேயே நின்றுபோனதைப் பற்றிய பதிவு இது. உயிருக்கு ஆபத்தாக எதுவும் நடக்கவில்லை. மீட்புக் குழு வரவில்லை, ஹெலிகாப்டரும் வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. இப்படி 'ஒன்றும் ஆகாத' பயணங்களை யாரும் எழுதி வைப்பதில்லை. அந்தக் குழுவில் துணை வழிகாட்டியாக, வரிசையின் கடைசியில் வந்தவன் நான். கீழே சொல்லியிருக்கும் தவறுகளில் ஒன்றிரண்டு என்னுடையவை.

பின்னணி

ஹார்டாங்கர்விடா ஏறக்குறைய மரமே இல்லாத மேட்டுநிலம். பெரும்பகுதி 1,100 மீட்டருக்கு மேல். வடக்கு விளிம்பில் ஃபின்சே ரயில் நிலையம், 1,222 மீட்டர் உயரத்தில். நார்வே ரயில் பாதையில் இதைவிட உயரமான நிலையம் கிடையாது. தெற்கே போனால் இ134 சாலையோரத்தில் ஹௌக்கலிசேட்டர். இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் ஸ்கீ தொலைவுக்கு ஒன்றாக மலைவிடுதிகள் உண்டு. க்ரெக்யா, ரௌஹெல்லரன், சான்ட்ஹௌக், லிட்லோஸ், ஹெல்லவாஸ்பு என்று இறங்குவதுதான் எங்கள் திட்டம். ஈஸ்டர் காலத்தில் பாதை நெடுகக் குச்சிகளை நட்டு வழி காட்டியிருப்பார்கள். வெள்ளை மூட்டத்தில் அந்தக் குச்சிகளே கதி. அடுத்த குச்சி கண்ணில் பட்டால்தான் இருக்கிற குச்சியை விட்டு நகர வேண்டும்.

இந்தப் பாதையில் ஒரு விஷயம் முக்கியம். க்ரெக்யாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகத் தெற்கே போனால், பீடபூமியைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும் 7ஆம் எண் நெடுஞ்சாலை வரும். சாலையோரத்தில் தங்குமிடம் உண்டு. சாலை திறந்திருந்தால் வண்டியும் கிடைக்கும். அதைத் தாண்டிவிட்டால் ஹௌக்கலிசேட்டர் வரை வேறு சாலை கிடையாது. பயணத்தை மலிவாக முடித்துக்கொள்ளக் கடைசி இடம் அந்தச் சாலைதான்.

தென்துருவத்தை முதலில் எட்டிய அமுன்ட்சென், அதற்கெல்லாம் வெகு முன்னால், 1896 ஜனவரியில் தன் அண்ணனோடு இதே பீடபூமியைக் கடக்கப் பார்த்தார். வழி தவறி, பனிக்குழியில் படுத்து, உறைந்துபோன பனிக்குள் சிக்கி, பட்டினியோடு திரும்பினார். இங்கே வருகிறவர்களுக்கு இந்தக் கதை தெரியும். தெரிந்துதான் வருகிறார்கள்.

குழு

தன்னார்வ வழிகாட்டிகளைக் கொண்டு ஒரு மலைநடைச் சங்கம் நடத்திய பயணம். பங்கேற்பாளர்கள் ஏழு பேர், தலைமை வழிகாட்டி, நான். மொத்தம் ஒன்பது. மாதம் மார்ச், கடைசி வாரங்கள்.

இந்த ஆய்வின் நடுவில் இருப்பவர் நாற்பதுகளில் உள்ள ஒருவர். ஏழு பேரில் உடல்வலு மிகுந்தவர் அவர்தான் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. ரேனாவிலிருந்து லில்லஹாமர் வரை 54 கிலோமீட்டர் ஸ்கீயில் ஓடும் பிர்கபைனர் போட்டியைப் பல முறை முடித்தவர். அந்தப் போட்டியில் முதுகில் 3.5 கிலோ சுமக்க வேண்டும் என்பது விதி. "பை சுமந்து பழக்கம் உண்டு" என்று படிவத்தில் எழுதியிருந்தார். அது பொய்யில்லை. ஆனால் 3.5 கிலோவை அரை நாள் சுமப்பது வேறு, 12 கிலோவை ஆறு நாள் சுமப்பது வேறு.

இன்னொன்று காலணி. போட்டி ஸ்கீக்கான காலணி ஓட்டக் காலணி போல லேசாக இருக்கும். மலை ஸ்கீ அகலமானது, ஓரத்தில் இரும்பு விளிம்பு கொண்டது. அதற்கான காலணி கனமாக, விறைப்பாக, கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும். அவருடையது புதிது. வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது, இரண்டே முறை போட்டிருந்தார்.

புறப்படும் முன், பங்கேற்பவர்கள் எல்லாரும் முழுச் சுமையோடு ஒரு வார இறுதிப் பயணம் போய்வர வேண்டும் என்று சொல்லியிருந்தோம். அவர் போகவில்லை. போனீர்களா என்று நாங்களும் கேட்கவில்லை. பிர்கபைனர் என்ற பெயரைப் பார்த்ததும் எங்கள் பேனா நின்றுவிட்டது.

முதல் நாள்: ஃபின்சே முதல் க்ரெக்யா வரை

ரயிலை விட்டு இறங்கி, ஏற்றத்தில் வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் மெழுகு தேய்த்து, நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பினோம். வெப்பம் -6, காற்று அதிகமில்லை. தூரம் 24 கிலோமீட்டர் அளவில். நல்ல நாள் என்றுதான் என் குறிப்பேட்டில் இருக்கிறது.

அவர் தொடக்கத்திலிருந்தே தலைமை வழிகாட்டிக்கு ஒட்டி முன்னால் போனார். ஏற்றங்களில் அவருடைய ஸ்கீ பின்னுக்கு வழுக்குவதைத் தூரத்திலிருந்தே பார்க்க முடிந்தது. போட்டிப் பழக்கத்தில் மெழுகைச் சிக்கனமாகத் தேய்த்திருந்தார். சமதளத் தடத்தில் அது வேகம் தரும். 12 கிலோ பையோடு ஏற்றத்தில் பிடிப்பு போய்விடும். பிடிப்பில்லாத ஒவ்வொரு எட்டிலும் ஸ்கீ அரை அடி பின்னால் போகும், குதிகால் காலணிக்குள் மேலெழும்பும், புதுத் தோல் அதை உரசும். ஆயிரக்கணக்கான எட்டுகள். ஸ்கீயின் அடியில் குறுகிய ஏற்றப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தால் இது தீர்ந்திருக்கும். பட்டை அவர் பைக்குள்தான் இருந்தது. தலைமை வழிகாட்டி ஒரு முறை சொன்னார். "அடுத்த நிறுத்தத்தில் பார்க்கலாம்" என்று இவர் சொன்னார். அடுத்த நிறுத்தத்தில் எல்லாரும் தேநீர் குடித்தோம், பட்டையை யாரும் நினைவுபடுத்தவில்லை.

வியர்வையும் நிறைய. மேல்சட்டையைக் கழற்றாமலே ஏறினார். நிற்கும்போதெல்லாம் கையுறையின் உள்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது.

இருட்டும் நேரத்தில் க்ரெக்யா போய்ச் சேர்ந்தோம்.

அன்று இரவு, உலர்த்தும் அறையில்

மலைவிடுதிகளில் ஈரத் துணிகளையும் காலணிகளையும் காயப்போட ஒரு சூடான அறை இருக்கும். ஈரக் கம்பளி நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் குழுவின் உண்மை நிலையைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. சாப்பாட்டு மேசையில் எல்லாரும் சிரிப்பார்கள். உலர்த்தும் அறையில் காலுறை பேசும்.

அவருடைய இடது காலுறையின் குதிகாலில் இளஞ்சிவப்பாக ஒரு கறை இருந்தது. அகலம் ஒரு நாணயம் அளவு. கேட்டேன்.

"கோர் ப்ரா" என்றார்.

நார்வேயில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு சொல்லைப் பற்றி விளக்கத் தேவையில்லை. 'எல்லாம் சரியாத்தான் போகுது' என்று பொருள். கால் முறிந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள் என்று எங்களுக்குள் கேலி உண்டு. கேலி பேசத் தெரிந்த எனக்கு, அந்த இடத்தில் அதைக் கேள்வி கேட்கத் தெரியவில்லை. வளர்ந்த மனிதரிடம் காலைக் காட்டுங்கள் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சாப்பாட்டில் பாதியை ஒதுக்கி வைத்தார். ஏழு மணி நேரம் உழைத்த பெரிய ஆளுக்குப் பசிக்கவில்லை என்றால் அதுவும் ஓர் அறிகுறிதான். களைப்பு எல்லை தாண்டும்போது பசி அடங்கிப் போகும். இதையும் பார்த்தேன், குறிப்பில் எழுதினேன், அதோடு விட்டேன்.

வானிலை அறிக்கை நன்றாக இல்லை. மறுநாள் தென்மேற்கிலிருந்து காற்று எழும்பும், பிற்பகலில் பனிப்பொழிவோடு புயல் வேகத்தை நெருங்கும், அதற்கு மறுநாள் முழுதும் அப்படியே நீடிக்கும் என்றது. நானும் தலைமை வழிகாட்டியும் பேசி எடுத்த முடிவு: காலை ஏழரைக்குக் கிளம்புவது, காற்று உச்சத்துக்குப் போகும் முன் ரௌஹெல்லரனை நெருங்கிவிடுவது, சாலையருகே நின்று ஒரு முறை மறுபரிசீலனை செய்வது. அந்தத் திட்டத்தில் இப்போதும் எனக்குக் குறை தெரியவில்லை. ஒன்பது பேரும் சராசரி வேகத்தில் போவார்கள் என்ற கணக்கில் போட்ட திட்டம் அது. அந்தக் கணக்கைத்தான் யாரும் சரிபார்க்கவில்லை.

இரண்டாம் நாள்: சாலையோரத்தில்

ஏழரைக்குக் கிளம்பவில்லை. அவர் காலுக்குக் கட்டுப் போட நேரம் எடுத்தது. இன்னொருவருக்கு ஏற்றப் பட்டையின் கொக்கி உடைந்திருந்தது. ஐம்பது நிமிடம் போய்விட்டது. சாலைக்கு வரும்போது மணி பத்தாகப் போகிறது. வழக்கமாக ஒரு மணி நேரச் சொச்சத்தில் முடியும் தூரம். அவர் இந்த முறை முன்னால் போகவில்லை. எனக்கு நேர் முன்னே, வரிசையின் கடைசியிலிருந்து இரண்டாவதாக வந்தார்.

சாலையோரப் பனிச்சுவரின் மறைவில் நின்றோம். வெப்பம் -9. காற்று நொடிக்கு 12 மீட்டர். திறந்த தோலுக்கு இது ஏறக்குறைய -20க்குச் சமம். தலைமை வழிகாட்டி எல்லாரையும் பார்த்து, "சரியா இருக்கீங்களா?" என்று கேட்டார். ஏழு தலையும் ஆடின.

குழுவுக்கு நடுவே இப்படிக் கேட்டால் வேறு பதில் வராது. எட்டுப் பேர் குளிரில் காத்திருக்க, தன்னால்தான் தாமதம் என்று ஏற்கனவே குறுகிப்போயிருக்கும் ஒருவர் எப்படி வாய் திறப்பார்?

நான் கவனித்தது இரண்டு. அவர் பிளாஸ்க்கை வெளியே எடுக்கவில்லை. பையின் ஜிப்பைத் திறக்க இரண்டு முறை முயன்று, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

கையுறையைக் கழற்றச் சொன்னேன். உள்கையுறை நேற்றைய வியர்வையில் இன்னும் ஈரம். வலது கையில் மூன்று விரல் நுனிகள் வெளிறி, தொட்டால் உணர்வில்லாமல் இருந்தன. அழுத்தினால் சதை மிருதுவாக இருந்தது, உறைந்து கட்டியாகவில்லை. தேய்க்க விடவில்லை. அப்படித் தேய்த்தால் உள்ளே காயம்தான் மிஞ்சும். விரல்களை அவருடைய அக்குளுக்குள்ளேயே வைக்கச் சொன்னோம். சுமார் பத்து நிமிடத்தில் நிறம் திரும்பியது, கூடவே நல்ல வலியும். மேலோட்டமான குளிர்க்கடி.

அப்புறம் கால். நாலைந்து பேர் உள்ளே நுழைந்து உட்காரக்கூடிய பெரிய துணிப்பை ஒன்று ஒவ்வொரு வழிகாட்டியிடமும் இருக்கும். காற்றை முழுக்கத் தடுத்துவிடும், உள்ளே இருப்பவர்களின் உடல் சூட்டிலேயே வெதுவெதுப்பாகும். அதற்குள் போய்க் காலணியைக் கழற்றினோம். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். இடது காலில் அது கிழிந்து, டேப்போடு தோலும் வந்து, முட்டை அளவுக்குச் சதை சிவந்து தெரிந்தது.

வலிக்கிறதா என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

முடிவும் காரணங்களும்

எதிரில் மூன்று வழி இருந்தது.

ஒன்று, எல்லாரும் தொடர்வது. அவர் கடைசி ஒரு மணி நேரத்தில் நகர்ந்த வேகம் சுமார் இரண்டு கிலோமீட்டர். ரௌஹெல்லரனுக்கு இன்னும் 20 கிலோமீட்டருக்கு மேல். பத்து மணி நேரம், அதுவும் வேகம் குறையாவிட்டால். பக்கவாட்டிலும் எதிரிலுமாக வளரும் காற்றில் இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேரும் கணக்கு. ஏழரைக்கே இருட்டிவிடும். மற்றவர்கள் அவருக்காக நின்று நின்று போக வேண்டும். நிற்கிறவர்களுக்குக் குளிரும். ஒருவரின் குதிகால் ஒன்பது பேரின் பிரச்சினையாக மாறும் வழி அதுதான்.

இரண்டு, பிரிவது. நான் அவரைச் சாலையோர விடுதிக்குக் கூட்டிப்போக, தலைமை வழிகாட்டி ஆறு பேரோடு தொடர்வது. இதைத்தான் பங்கேற்பாளர்களில் மூன்று பேர் விரும்பினார்கள். சும்மா சொல்லக்கூடாது, நானும் முதலில் இதையே யோசித்தேன். தலைமை வழிகாட்டி மறுத்தார். புயல் எச்சரிக்கை உள்ள நாளில், அடுத்த சாலை பல நாள் தூரத்தில் இருக்கும் பாதையில், ஆறு பேருக்கு ஒரே வழிகாட்டி என்பதை அவர் ஏற்கவில்லை. அவருக்கே ஏதாவது ஆனால் யார் பார்ப்பது என்று கேட்டார். பதில் இல்லை.

மூன்று, எல்லாரும் சாலையோர விடுதிக்குப் போய் வானிலை மாறக் காத்திருப்பது. அதையே எடுத்தோம். பயணத்தின் அட்டவணை அந்த நிமிடமே செத்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"எனக்காக நிறுத்தாதீங்க, நான் சமாளிச்சிடுவேன்" என்றார் அவர். தலைமை வழிகாட்டி சொன்ன பதில், "இது உங்களுக்காக இல்லை." அவரை ஆறுதல்படுத்தச் சொன்னது இல்லை அது. காற்று, தாமதம், வழிகாட்டிகளின் எண்ணிக்கை எல்லாம் சேர்ந்த கணக்கு.

நார்வேயில் மலை விதிகள் என்று ஒன்பது உண்டு. 1950களில் வகுத்தவை. 1967 ஈஸ்டரில் மலைகளில் 18 பேர் இறந்த பிறகு நாடு முழுதும் பரப்பினார்கள். 2016இல் புதுப்பித்தார்கள். எட்டாவது விதி, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது. பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். ஆனால் வெட்கம் இருக்கத்தான் செய்கிறது. இருப்பதால்தான் இல்லை என்று விதி போட வேண்டியிருக்கிறது.

அதன் பிறகு

விடுதியில் அவர் கையை வெதுவெதுப்பான நீரில் வைத்தோம். குதிகாலைக் கழுவி, ஒட்டாத கட்டுப் போட்டோம். அவசர மருத்துவ ஆலோசனைக்கான 116117 எண்ணில் பேசினோம். மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை, சுத்தமாக வைத்திருங்கள், மறுபடி குளிர் படக்கூடாது, ஸ்கீ வேண்டாம் என்றார்கள்.

பிற்பகலில் சாலையில் தனி வண்டிகளை நிறுத்திவிட்டு, பனி அகற்றும் வண்டியின் பின்னால் வரிசையாக மட்டும் போகவிட்டார்கள். மாலையில் அதையும் மூடினார்கள். 'மலிவான வெளியேற்றம்' என்று நான் மேலே எழுதியது அவ்வளவு மலிவில்லை என்று அப்போது புரிந்தது. சாலை இருக்கிறது என்பதும் சாலை திறந்திருக்கிறது என்பதும் வேறு வேறு.

மூன்றாம் நாள் முழுதும் யாரும் எங்கும் போகவில்லை. கதவைத் தள்ளித் திறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. நான்காம் நாள் வானம் தெளிந்ததும் அவரும் இன்னும் இரண்டு பேரும் யெய்லோ போய் ரயில் ஏறினார்கள். மீதி நான்கு பேரோடு ரௌஹெல்லரன் வரை போய், ஓர் இரவு தங்கி, வந்த வழியே திரும்பினோம். அருமையான இரண்டு நாட்கள். ஆனால் அவர்கள் பணம் கட்டியது அதற்கில்லை.

குதிகால் ஆற மூன்று வாரம் பிடித்தது. விரல் நுனிகள் கோடை வரும்வரை குளிரைத் தாங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் நாள் எங்களுக்கு முன்பே அதே சாலையைத் தாண்டி நான்கு பேர் கொண்ட வேறொரு குழு தெற்கே போனது. மாலை ஐந்து மணி வாக்கில் பத்திரமாக ரௌஹெல்லரன் சேர்ந்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. எங்கள் பங்கேற்பாளர் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். சங்கம் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. அவர்கள் போய்ச் சேர்ந்ததால் எங்கள் முடிவு தவறாகிவிடாது. அவர்களுக்கு ஏதாவது ஆகியிருந்தாலும் அதனால் எங்கள் முடிவு சரியாகியிருக்காது. அவர்கள் நான்கு பேர், நல்ல கால்கள், ஐம்பது நிமிடம் முன்னால் கிளம்பியவர்கள்.

ஆனால் பணம் கேட்டவரின் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. முந்தைய இரவே குதிகால் புண்ணானவரின் காலைப் பார்த்திருந்தால், அவரை க்ரெக்யாவிலேயே நிறுத்தியிருக்கலாம். அங்கே பணியாளர்கள் இருந்தார்கள். அவரைக் கவனித்துக்கொள்ள நான் தங்க வேண்டிய தேவையே வந்திருக்காது. எட்டுப் பேர், இரண்டு வழிகாட்டிகள், ஏழரை மணி. கணக்கு சரியாக வந்திருக்கும். சாலையில் எடுத்த முடிவு சரி. எடுக்க வேண்டிய இடம்தான் அது இல்லை.

எதை மாற்றினோம்

படிவத்தில் 'உடல்திறன் எப்படி' என்ற கேள்வியை எடுத்துவிட்டோம். அதற்கு எல்லாரும் 'நன்று' என்றுதான் எழுதுகிறார்கள். இப்போது கேட்பது: கடந்த 12 மாதத்தில், இதே காலணியில், முழுப் பையோடு, தொடர்ந்து எத்தனை நாள் போனீர்கள்? எங்கே? பதில் பூஜ்யம் என்றால் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுகிறோம்.

முதல் நாள் ஏற்றத்தில் எல்லாருக்கும் குறுகிய ஏற்றப் பட்டை. மெழுகில் தேர்ந்தவர்களுக்கும்தான். முணுமுணுக்கிறார்கள், மாட்டிக்கொள்கிறார்கள்.

இரவில் உலர்த்தும் அறையில் வழிகாட்டிகள் முதலில் தங்கள் காலுறையைக் கழற்றிக் காலைக் காட்டுகிறோம், பிறகு மற்றவர்கள். 'எப்படி இருக்கு' என்று கேட்பதில்லை, 'காட்டுங்க' என்றுதான் கேட்கிறோம். சாலை போன்ற இடங்களில் குழுவாகக் கேட்காமல், வரிசையில் ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய்ப் பேசுகிறோம். கையுறையைக் கழற்றி ஒரு ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்கிறோம். அட்டவணையில் ஒரு நாள் காலியாக வைக்கிறோம். இதனால் பயணத்தின் விலை கூடியிருக்கிறது, சிலர் வருவதில்லை.

மூன்றாவது வழிகாட்டி வேண்டும் என்றும் கேட்டோம். தன்னார்வலர்கள் கிடைக்கவில்லை. அது அப்படியே நிற்கிறது.

இந்தப் பதிவின் முதல் வரைவை அவருக்கு அனுப்பி, ஆட்சேபம் உண்டா என்று கேட்டேன். பெயர் இல்லாத வரை எதுவும் இல்லை, ஒரே ஒரு திருத்தம் மட்டும் என்று எழுதினார். 'முதல் நாள் மாலையில் குதிகால் உரச ஆரம்பித்திருந்தது' என்று நான் எழுதியிருந்தேன். மாலையில் இல்லை என்றார். முதல் தேநீர் நிறுத்தத்திலேயே தெரிந்ததாம். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது ஃபின்சே நிலையத்தின் கூரைகள் இன்னும் தெரிந்தனவாம்.